நான் கலியாணமாகிப் போனால் தம்பிக்கு யார் கதைப்பது?

முரசுமோட்டை அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு தம்பி. பிறவியிலேயே காது கேட்காது. இப்போது 25 வயது. பரந்தனில் ஒரு வெல்டிங் கடையில் வேலை செய்கிறான். கேற், கிறில் என்று எதைச் செய்தாலும் வேலை துப்புரவாக இருக்கும், முதலாளிக்கும் அவன்மேல் நல்ல விருப்பம். எனக்கு வருகிற ஆவணியில் கலியாணம். மன்னார்ப் பக்கம், அடம்பனுக்குப் போகிறேன். அப்பா இல்லை. அம்மாவுக்குச் சைகை கொஞ்சம்தான் தெரியும். சாப்பாடு, காசு, வேலை, கோபம் என்பதோடு நின்றுவிடும். இவ்வளவு காலமும் வெளியில் அவனுக்காகக் கதைத்தது நான்தான்.

எப்படி இப்படி ஆனது என்று சொன்னால்தான் விளங்கும். அவனுக்கு ஆறு வயதாக இருந்தபோது காது கேளாத பிள்ளைகள் படிக்கும் கைதடி நவீல்ட் பள்ளிக்கூடத்தில் சேர்க்க எல்லாம் கதைத்து வைத்திருந்தோம். 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை பூட்டுப்பட்டது. அதோடு பள்ளிக்கூடக் கதையும் போய்விட்டது. வீட்டில் நாங்களே சைகை உண்டாக்கினோம். மூக்கின் பக்கத்தைத் தொட்டால் அம்மா, மூக்குத்தி. மீசையை முறுக்கினால் மாமா. கையைக் கவிழ்த்து நெஞ்சுக்கு மேலே பிடித்தால் குளம் நிரம்பிவிட்டது, அதாவது இரணைமடு வான் பாய்கிறது. இவை எங்கள் வீட்டை விட்டு வெளியே ஒருவருக்கும் தெரியாது.

2009 இல் சண்டை நேரம் மாத்தளன் பக்கம் இருந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. செல் கூவி வருவது அவனுக்குக் கேட்காது. தோளில் இரண்டு தட்டுத் தட்டினால் உடனே விழுந்து படுக்க வேண்டும் என்று பழக்கினேன். பங்கருக்கு வெளியே எங்கே போனாலும் அவனுக்குப் பின்னால்தான் நடப்பேன், கை அவன் சட்டையில் இருக்கும். எனக்கு அப்போது 14 வயது.

செட்டிகுளம் முகாமிலிருந்து வந்து 2010 இல் கைதடியில் சேர்த்தோம். பத்து வயதில்தான் முதல்முதல் தன்னைப் போல பிள்ளைகளைக் கண்டான். மூன்று மாதம் கழித்து லீவில் வந்தபோது அவன் கை ஓடிய வேகத்தில் எனக்குப் பாதி பிடிபடவில்லை. பிறகு நான் அவனிடம் இருந்துதான் படித்தேன்.

சரி, இப்போது விசயத்துக்கு வருகிறேன். அவனுக்கு இழுப்பு, அதாவது ஆஸ்துமா இருக்கிறது. மாதக் கிளினிக். அங்கே வருகிற டொக்டர் சிங்களத்தில் சொல்வார், நேர்ஸ் தமிழில் சொல்லுவா, நான் கையில் சொல்வேன். அவன் கேட்பது அதே வழியால் திரும்பிப் போகும். போன மாசியில் எனக்குக் காய்ச்சல். அவன் தனியாகப் போனான். நம்பரை வாயால் கூப்பிடுகிறார்கள். காலை ஏழு மணிக்குப் போனவன் வாங்கிலேயே இருந்திருக்கிறான். பன்னிரண்டரைக்குக் கதவைச் சாத்தியபோதுதான் தன் நம்பர் எப்போதோ போய்விட்டது என்று அவனுக்கு விளங்கியிருக்கிறது. மருந்து இல்லாமல் வந்தான். அந்த வாரம் இரவில் இரண்டு தடவை இழுத்தது. ஒரு வங்கியில் கணக்குத் திறக்கப் போனபோதும், அவன் கையெழுத்துப் போடுவான், படிவம் வாசிப்பான் என்று நான் சொல்லியும், "நீங்கள் கூட வந்து சேர்ந்து கையெழுத்து வையுங்கோ" என்றார்கள். அவன் காசு, அவன் பெயர்.

கேட்கும் கருவி இருக்கிறது. சத்தம் 90 டெசிபலுக்கு மேலே போனால்தான் இரண்டு காதுக்கும் ஏதும் கேட்கும் என்று காதுச் சோதனைத் தாளில், ஓடியோகிராமில், இருக்கிறது. கருவி போட்டால் பஸ் கோர்ன், மேளம் தெரியும், கதை தெரியாது. கடையில் கிறைண்டர் சத்தத்துக்குக் கழற்றிவிடுவான்.

என் கேள்வி இதுதான். வன்னிக்குள் சைகையில் மொழிபெயர்க்க ஆட்களை எங்கே கேட்பது? போனில் ஏதாவது வழி இருக்கிறதா? நான் போவதற்கு முதல் என்னென்ன ஒழுங்கு செய்து வைக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


நெளுக்குளம் அண்ணை:

தங்கச்சி, நான் பிறவியில் கேளாதவன் இல்லை. 2009 இல் செல் பக்கத்தில் விழுந்து இடது காது முற்றாகப் போனது. வலது காதில் கொஞ்சம் மிச்சம். ஆகையால் எனக்குச் சரிவருவது உங்கள் தம்பிக்கும் சரிவரும் என்று நினைக்க வேண்டாம். நான் தமிழ் கேட்டு வளர்ந்த ஆள். எழுத்தாகத் தந்தால் எனக்குப் போதும்.

அன்ட்ரொய்ட் போனில் கூகிளின் லைவ் ட்ரான்ஸ்கிரைப் என்று ஒன்று இருக்கிறது, 2019 இல் வந்தது. இலவசம். மொழியில் தமிழைத் தெரிவு செய்துவிட்டுப் போனை எதிரில் இருப்பவர் பக்கம் பிடித்தால், அவர் சொல்வது எழுத்தாக ஓடும். நாங்கள் பதிலைத் தட்டியும் காட்டலாம். டேட்டாவை விட்டுவிட்டுப் போனால் நடுவில் தவிக்க நேரும். நான் எப்போதும் மேசையில் டொக்டருக்குக் கிட்ட போனைப் படுக்க வைப்பேன், என் மடியில் வைக்க மாட்டேன். ஃபானுக்குக் கீழே இருந்தால் வார்த்தை சிதறும். எங்கள் கதையும் அதற்கு முழுக்க விளங்காது. "உதில வையுங்கோ" என்று சொன்னால் வேறென்னவோ எழுதும். கொஞ்சம் எழுத்துத் தமிழில், ஆறுதலாகச் சொல்லச் சொல்லிக் கேட்பேன். ஊர்ப் பெயர், ஆட்பெயர், மருந்துப் பெயர்களை முன்கூட்டியே அதில் சேர்த்து வைக்கலாம். ஆனால் ஒரு விசயத்தில் மட்டும் அதை நம்பவே மாட்டேன்: எண்கள். திகதி, மருந்தின் அளவு, எத்தனை வேளை என்பதையெல்லாம் கொப்பியில் எழுதி வாங்குவேன்.

உதட்டைப் பார்த்துப் பிடிக்கலாம்தானே என்று பலர் சொல்வார்கள். "படம்" என்று சொல்லுங்கள், பிறகு "மடம்" என்று சொல்லுங்கள், கண்ணாடியில் பாருங்கள். இரண்டுக்கும் உதடு ஒன்று. மாஸ்க் போட்டால் அதுவும் இல்லை.

கருவி பற்றி ஒரு வார்த்தை. காதுக்குள் வைக்கும் அச்சு தளர்ந்தால் விசில் அடிக்கும், அப்போது கருவி பழுது என்று நினைத்து அலுமாரியில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். புது அச்சு எடுத்தால் சரி. பற்றறியில் ஒட்டியிருக்கும் நிறத்தாளைக் கழற்றி ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போடுங்கள். இந்த வெயிலுக்கு வியர்வைதான் அதற்குப் பெரிய எதிரி. இரவில் துடைத்து, ஈரம் உறிஞ்சும் பக்கெற்றோடு மூடிய போத்தலுக்குள் வைக்கச் சொல்லுங்கள். கதை விளங்காவிட்டாலும் பின்னால் வரும் பஸ்ஸின் கோர்ன் கேட்பது பெரிய விசயம்.


ஓய்வுபெற்ற ரீச்சர், முள்ளியவளை:

மகள், உங்கள் எழுத்தை இரண்டு தரம் வாசித்தேன். விசேட கல்வி அலகில் பல வருடம் படிப்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போய்ச் சந்தியுங்கள். நீங்கள் மட்டும் போக வேண்டாம். கிளினிக்குக்கு மொழிபெயர்ப்பு உதவி தேவை என்று ஒரு கடிதமாகவே கொடுத்து, பிரதியில் திகதியும் ஒப்பமும் வாங்குங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும், பிறகு ஒருவருக்கும் நினைவிருக்காது. கடிதத்தில் எழுத இரண்டு விசயம் தருகிறேன். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கானது. அதோடு மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. பொது இடங்களில் தேர்ச்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அதன் 9 ஆம் உறுப்புரை சொல்கிறது. சலுகை கேட்பதுபோல எழுத வேண்டாம்.

ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். கடிதம் கொடுத்த மறுநாள் ஆள் வந்து நிற்கப்போவதில்லை. தெற்கிலிருந்து ஒருவர் வந்தாலும், ஒவ்வொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சைகையும் கொஞ்சம் கொஞ்சம் வேறு. ஆகவே தம்பியோடு கைதடியில் படித்தவர்களுக்குள் தேடுங்கள். அவர்களில் ஒருவருக்குக் காது கேட்கும் சகோதரமோ மனைவியோ இருப்பார்கள், அவர்களுக்குக் கை நன்றாக ஓடும். கிளினிக் நாளில் வீடியோ கோலில் வரலாம். போனைப் பிடிக்க வேண்டியது தம்பி, நேர்ஸ் இல்லை. வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், யன்னலுக்கு முதுகைக் காட்டி இருந்தால் கை கறுப்பாகத் தெரியும்.

மொழிபெயர்ப்பவருக்கு மூன்று விசயம் சொல்லி வையுங்கள். சொன்னது முழுக்கப் போக வேண்டும். சொல்லாததைச் சேர்க்கக் கூடாது. அங்கே கேட்டது வெளியில் போகக் கூடாது. டொக்டருக்கும் ஒன்று சொல்ல வேண்டும், தம்பியைப் பார்த்துக் கதையுங்கள் என்று. "அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கோ" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொன்னால், அந்த இடத்திலேயே நோயாளி காணாமல் போய்விடுகிறார்.

எழுத்தைப் பற்றி நெளுக்குளம் தம்பி சொன்னது சரி. பிறவியில் கேளாத பிள்ளைக்குத் தமிழ் இரண்டாம் மொழி. "நாயைப் பூனை கடித்தது" என்று எழுதினால் பலர் நாய் கடித்ததாகவே எடுப்பார்கள், ஏனென்றால் அந்த "ஐ" கண்ணுக்குச் சின்னது. சைகையில் யார் யாரைக் கடித்தது என்பதைக் கை போகும் திசையே காட்டிவிடும். ஆகவே "இழுப்பு இல்லை என்று மருந்தை எடுக்காமல் விட வேண்டாம்" என்று எழுத வேண்டாம். "தினமும் எடு. காலை 2. இரவு 2." அவ்வளவுதான். சூரியனும் சந்திரனும் கீறிவிடுங்கள்.

கிளினிக் கொப்பி மட்டையில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுங்கள்: "எனக்குக் காது கேட்காது. என் நம்பர் வந்தால் தோளில் தட்டிக் கூப்பிடவும்." கொப்பியை அடுக்கும்போதே கண்ணில் படும்.


தையல், மல்லாவி:

நான் காது கேளாத பெண். 34 வயது. தையல் வேலை. என் தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

எல்லோரும் தம்பியைப் பற்றி எழுதுகிறீர்கள். தம்பியிடம் கேட்டீர்களா?

எனக்கு அண்ணா கதைப்பார். நல்ல அண்ணா. ஆனால் பெண்களுக்கு வரும் வருத்தம். அண்ணாவுக்கு முன்னால் நான் எப்படி டொக்டருக்குச் சொல்வது? ஒரு வருடம் சொல்லவில்லை. வலியோடு இருந்தேன். பிறகு தனியாகப் போனேன். முதல் நாள் கை நடுங்கியது.

போவதற்கு முதல் நாள் இரவு கொப்பியில் எழுதுவேன். எங்கே வலி, எத்தனை நாள், என்ன கேள்வி. ஒரு தாளில் ஒரு கேள்வி. கீழே இடம் விடுவேன். டொக்டர் அதில் எழுதுவார். வீட்டுக்கு வந்து சிநேகிதிக்குப் படம் அனுப்புவேன். விளங்காத சொல்லை அவள் வீடியோ கோலில் கையால் சொல்லுவாள்.

இரவு வருத்தம் வந்தால்: 1990 அம்புலன்சுக்குக் கோல் எடுத்தால் கதைக்க வேண்டும். என்னால் முடியாது. பக்கத்து வீட்டு மாமியோடு ஒழுங்கு. நான் மூன்று தடவை கோல் எடுத்து வைப்பேன். அவ வருவா. அவ 1990க்குக் கதைப்பா. ஒரு தடவை உண்மையாகவே நடந்தது. வந்தா. மாதத்தில் ஒரு நாள் பழகிப் பார்க்க வேண்டும். இல்லை என்றால் மறந்துவிடுவார்கள்.

தம்பிக்குச் சிநேகிதர்கள் இருக்கிறார்களா? நாங்கள் ஞாயிறு இரவு ஆறு பேர் வீடியோவில் கதைப்போம். வேலை, கலியாணம், சண்டை எல்லாம். தம்பியும் வரலாம்.


முரசுமோட்டை அக்கா:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மல்லாவி அக்கா கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் எழுத எனக்கு இவ்வளவு நாள் எடுத்தது.

நான் அவனிடம் கேட்கவே இல்லை. உங்கள் பதிலைப் பார்த்த அன்று இரவு முற்றத்தில் லைற்றைப் போட்டு அவனை எதிரே இருத்திக் கேட்டேன். நான் போன பிறகு உனக்கு யார் வேண்டும் என்று. அவன் நெடுநேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். பிறகு இரண்டு கையையும் அகல விரித்து, மெல்ல மெல்ல ஒடுக்கி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு நெல் அளவுக்குக் கொண்டுவந்து என்னைக் காட்டினான். டொக்டர் இவ்வளவு சொல்கிறார், நீ எனக்கு இவ்வளவுதான் தருகிறாய். எத்தனையோ வருடமாகத் தெரியும் என்றான்.

உண்மைதான். பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், நானும் சுருக்கிவிடுவேன். அதைவிடப் பெரிய ஒன்றும் இருந்தது. போன வருடமே அந்த டொக்டர் சொன்னார், வெல்டிங் புகை இவனுக்குக் கூடாது, வேறு வேலை பார்ப்பது நல்லது, இல்லையென்றால் நல்ல மாஸ்க்கோடு காற்றோட்டமான இடத்தில் செய்யட்டும் என்று. நான் அதை அவனுக்குச் சொல்லவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது, அவனுக்கு அந்த வேலையில் உயிர், கேட்டால் உடைந்துபோவான் என்று நானே முடிவெடுத்துவிட்டேன். மாஸ்க் போடு என்று மட்டும் சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. அவன் போடவும் இல்லை. ரீச்சர் எழுதிய "சொன்னது முழுக்கப் போக வேண்டும்" என்பதை வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அன்று இரவு எல்லாவற்றையும் சொன்னேன். கோபித்தான். இரண்டு நாள் என் பக்கம் பார்க்கவில்லை, பார்க்காவிட்டால் அவனோடு கதைக்கவே முடியாது. மூன்றாம் நாள் தானாகவே முதலாளியிடம் எழுதிக் காட்டி, வெல்டிங் செய்யும் இடத்தைக் கொட்டகைக்குள் இருந்து வெளியே மாமரத்தடிக்கு மாற்றிவிட்டான். மாஸ்க்கும் வாங்கியிருக்கிறான். வேலையை விடுவதா இல்லையா என்பதை டொக்டரிடம் தானே கேட்கப்போகிறானாம்.

ரீச்சர், கடிதம் கொடுத்தோம், அவனே கையெழுத்து வைத்தான், பிரதியில் ஒப்பமும் வாங்கினோம். பதில் இன்னும் வரவில்லை. கைதடியில் அவனோடு படித்த ஒருவரின் மனைவி தர்மபுரத்தில் இருக்கிறா. அவ கிளினிக் நாளில் வீடியோவில் வரச் சம்மதித்துவிட்டா. கொப்பி மட்டையிலும் ஒட்டிவிட்டோம். ஆனால் நீங்கள் சொன்ன வசனத்தில் ஒன்றை மட்டும் மாற்றினோம். தோளில் தட்ட வேண்டாம் என்று அவன் சொன்னான். பின்னால் இருந்து யார் தட்டினாலும் இன்றைக்கும் அவன் உடம்பு கீழே போகிறது. கடையில் ஒரு தடவை வெல்டிங் கோலோடு அப்படியே குந்திவிட்டானாம், அதையும் எனக்கு இப்போதுதான் சொன்னான். ஆகவே மட்டையில் இப்படி இருக்கிறது: "எனக்குக் காது கேட்காது. முன்னால் வந்து கையை அசைத்துக் கூப்பிடவும். தொட வேண்டாம்."

சிங்களத்தில் அதையே எழுத கிராம அலுவலர் உதவினார்.

நெளுக்குளம் அண்ணை, கருவிக்குப் புது அச்சு எடுக்க ஓடர் கொடுத்திருக்கிறோம். மல்லாவி அக்கா, ஞாயிறு இரவு உங்களோடு வருகிறான். என்ன கதைக்கிறீர்கள் என்று எட்டிப் பார்த்தேன், போனைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்த கிளினிக் 14 ஆம் திகதி. மூன்று தாள், மூன்று கேள்வி எழுதி வைத்திருக்கிறான். நான் வீட்டில் நிற்கிறேன்.